இரைப்பைச் செல்களும் புளியேப்பமும்: குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். எங்கள் கடையில் பெயர் சொல்லாமலே கேட்டு வாங்கப்படும் மருந்து ‘கேஸ் மாத்திரை’தான். ரப்பர் பால் வெட்டி முடித்து வருகிறவர், ஆழ்கடலுக்குப் புறப்படும் முன் மொத்தமாக வாங்கிச் செல்லும் மீனவர், பேரப்பிள்ளையை அனுப்பிவைக்கும் பாட்டி என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள். எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து வாங்குகிறவர்கள் குறைவு. வயிற்றில் அமிலம் ஊறுவதே நோய் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகவே, கடையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

வயிற்றில் அமிலம் எதற்கு? அது இல்லாமலே இருந்தால் நல்லதுதானே?

நல்லதல்ல. இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய 2 லிட்டர் இரைப்பைநீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் மீன், இறைச்சி, பயறு ஆகியவற்றின் புரதத்தைச் சுருள் அவிழ்த்துத் தளர்த்துகிறது. அதன் பிறகுதான் நொதிகளால் புரதத்தை வெட்ட முடிகிறது. உணவோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை இந்த அமிலமே கொன்றுவிடுகிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அமிலம் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு ரத்தசோகையும் குடல் தொற்றும் எளிதில் வருகின்றன.

அமிலத்தைச் சுரப்பது எந்தச் செல்?

இரைப்பையின் உட்சுவரை உருப்பெருக்கியில் பார்த்தால் எண்ணற்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் அடியில் குழல் போன்ற சுரப்பிகள் இறங்குகின்றன. அவற்றின் சுவரில் இருக்கும் பரைட்டல் செல்கள்தாம் அமிலத்தை உண்டாக்குகின்றன. பள்ளிப் பாடநூலில் ஆக்ஸின்டிக் செல் என்று படித்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றே.

எனக்கு இந்தச் செல்லின் மேல் தனி மதிப்பு உண்டு. ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகமான செறிவில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும் வேலையை அது செய்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவதற்காகவே அதன் உடலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. செல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் உருவாகின்றன. பைகார்பனேட் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஹைட்ரஜன் அயனியை ‘புரோட்டான் பம்ப்’ என்ற புரதம் வெளியே தள்ளி, அதற்கு மாற்றாகப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. குளோரைடு வேறு வழியாக வெளியேறி ஹைட்ரஜனோடு சேரும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் தயார்.

இந்த பம்புகள் எப்போதும் முழு வேகத்தில் இயங்குவதில்லை. வயிறு காலியாக இருக்கும்போது பெரும்பாலானவை செல்லுக்குள் சிறு பைகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. உணவு வரும் செய்தி கிடைத்ததும் செல்லின் விளிம்புக்கு வந்து வேலையைத் தொடங்குகின்றன. அந்தச் செய்தி மூன்று வழிகளில் வருகிறது: வேகஸ் நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலின், இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஜி செல்கள் சுரக்கும் காஸ்ட்ரின், அருகிலுள்ள செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின். அடுக்களையில் சாளை பொரிக்கும் மணம் திண்ணைக்கு வந்ததும் வயிறு விழித்துக்கொள்வது வேகஸ் நரம்பின் வேலை. இந்த நரம்புக் கட்டுப்பாட்டை உள்ளடக்கிய செரிமான ஆய்வுகளுக்காகத்தான் ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பரைட்டல் செல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதற்குத் தேவையான ‘உள்ளார்ந்த காரணி’ என்ற புரதத்தையும் அதுவே சுரக்கிறது. இந்தச் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு, வாரம் முழுவதும் மீன் சாப்பிட்டாலும் பி12 குறையும்.

மற்ற செல்கள் என்ன செய்கின்றன?

சுரப்பியின் அடிப்பகுதியில் முதன்மைச் செல்கள் இருக்கின்றன. புரதத்தை வெட்டும் பெப்சின் நொதியை அவை நேரடியாகச் சுரப்பதில்லை. உறையிலிட்ட கத்தியைப் போலப் பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் வெளியே அனுப்புகின்றன. அமிலம் பட்ட பிறகே அது பெப்சினாக மாறுகிறது. செல்லுக்குள்ளேயே பெப்சின் உருவாகியிருந்தால் அந்தச் செல்லையே அது செரித்துவிடும்.

டி செல்கள் சுரக்கும் சோமடோஸ்டேட்டின், அமிலம் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பைக் குறைக்கச் சொல்கிறது. கோழைச் செல்களைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையை ஏன் அரிப்பதில்லை?

கோழைச் செல்கள் இரைப்பையின் உட்பரப்பு முழுவதையும் வழுவழுப்பான படலத்தால் மூடிவைத்திருக்கின்றன. அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் ஊறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவு 1 முதல் 2 வரை இருக்கும்போதும் படலத்தின் அடியில், செல்லை ஒட்டிய இடத்தில், அது ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. போதாக்குறைக்கு மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிய செல்கள் வருகின்றன. ரத்த ஓட்டமும் இடையறாமல் நடந்து, ஊடுருவிய அமிலத்தை அகற்றுகிறது.

இந்த மூன்றையும் நடத்துவதில் பெரும்பங்கு வகிப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். வலி மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்ட இரவு நெஞ்சு எரிகிறது. மரச்சீனி அமிலமா?

இல்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்து. அதன் செரிமானம் முக்கியமாகச் சிறுகுடலில் நடக்கிறது. எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவும் நேரமும்தான். இரவு ஒன்பதரைக்கு வயிறு நிறையக் கிழங்கும், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும், பொரித்த மீனும் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தால், இரைப்பை அவ்வளவையும் வைத்துக்கொண்டு கிடைமட்டமாகக் கிடக்கிறது. எண்ணெயும் தேங்காயும் கூடிய உணவு இரைப்பையிலிருந்து மெதுவாகவே வெளியேறும். உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசையையும் அது தளரச் செய்கிறது. தசை தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இரைப்பைக்கு இருக்கும் கோழைக் கவசம் உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்கு இல்லாததால் அங்கே எரிகிறது. ஆகவே நெஞ்செரிச்சல் வரும் பலருக்கு அமிலம் கூடுதலாகச் சுரப்பதே கிடையாது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஏறுவதுதான் சிக்கல்.

புளியும் குடம்புளியும் இரைப்பை அமிலத்தோடு ஒப்பிட்டால் மிகவும் மென்மையானவை. ஏற்கெனவே எரிந்திருக்கும் உணவுக்குழாயில் அவை படும்போது காந்தும். மிளகாயும் அப்படித்தான், புண்ணை அது உண்டாக்குவதில்லை, இருக்கும் புண்ணை உணர்த்துகிறது.

இரவுச் சாப்பாட்டை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். இரவில் கஞ்சியும் பயறும் போதும் என்று முன்னோர் வைத்திருந்த வழக்கம் இந்த வகையில் மிகவும் பொருத்தமானது. தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வைப்பது பலன் தரும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவுகிறது. தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறையும். புகையையும் மதுவையும் விட வேண்டும்.

கேஸ், அசிடிட்டி, அல்சர் எல்லாம் ஒன்றுதானா?

வெவ்வேறு. வயிறு உப்புசமும் காற்றுப் பிரிவதும் பெரும்பாலும் குடலில் உணவு நொதிப்பதாலும், வேகமாகச் சாப்பிடும்போது காற்றை விழுங்குவதாலும் வருகின்றன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதற்குச் சரியான மருந்தல்ல. நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் அமிலம் மேலே ஏறுவதால் வருபவை. அல்சர் என்பது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உட்சுவர் அரித்து உண்டாகும் புண்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மேல்வயிற்றுச் சங்கடமாக மட்டுமே அது தெரியலாம். ‘கேஸாக இருக்கும்’ என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருந்து உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. இப்படிப்பட்ட அறிகுறியோடு யாராவது கடைக்கு வந்தால் நான் மாத்திரை கொடுப்பதில்லை. 108-க்கு அழைக்கச் சொல்கிறேன்.

வலி மாத்திரை சாப்பிட்டால் வயிறு ஏன் எரிகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. மூட்டில் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினோடு சேர்த்து, இரைப்பையின் கோழையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும் நின்றுபோகிறது. கவசம் மெலிகிறது, வழக்கமான அளவு அமிலமே புண்ணாக்கிவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும் இதே விளைவுதான், ஏனென்றால் மருந்து ரத்தத்தின் வழியாக இரைப்பையை அடைகிறது.

குலசேகரம், அருமனைப் பக்கம் விடியும் முன்பே கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் வலிக்காமல் இருக்குமா? விசைப்படகில் வாரக்கணக்கில் வலை இழுப்பவர்களுக்குத் தோள் வலிக்காமல் இருக்குமா? அவர்கள் வலி மாத்திரை கேட்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரே கவரில் வலிக்கு ஒரு அட்டையும், அதனால் வரும் எரிச்சலுக்கு இன்னொரு அட்டையும் மாதாமாதம் போவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. வயதானவர்களுக்கு இந்தப் புண் வலியே காட்டாமல் இருந்து, திடீரென்று ரத்தக் கசிவோடு வெளிப்படுவதும் உண்டு.

பாரசிட்டமால் இரைப்பையை இப்படிப் பாதிப்பதில்லை. சாதாரண வலிக்கு முதலில் அதை, சொன்ன அளவுக்கு மீறாமல் முயலலாம். ஒரு மூட்டில் மட்டும் வலி என்றால் மேலே பூசும் ஜெல்லைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் வயிறு எரிகிறது என்று தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் இரைப்பையைக் காக்கும் மருந்தைச் சேர்த்துத் தருவார்.

அல்சர் கிருமியால் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா கோழைப் படலத்துக்குள் புகுந்து, யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். மனக்கவலையும் அமிலமும்தான் அல்சருக்குக் காரணம் என்று உறுதியாக நம்பிய மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பை அழற்சியடைந்ததை எண்டோஸ்கோப்பியில் (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனையில்) காட்டினார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை வகைப்படுத்தியது.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் இதைக் கண்டுபிடிக்கலாம். பரிசோதனைக்கு 2 வாரங்களுக்கு முன்பே, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளையும், 4 வாரங்களுக்கு முன்பே ஆன்டிபயாட்டிக்குகளையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சிகிச்சை பொதுவாக 14 நாட்கள், பல மருந்துகள் சேர்ந்தது. ஐந்தாம் நாளே எரிச்சல் போய்விட்டது என்று நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று மறுபடி பரிசோதிப்பதும் சிகிச்சையின் பகுதியே.

கடையில் இத்தனை வகை மருந்து இருக்கிறதே, என்ன வேறுபாடு?

ஜெலுசில், டைஜீன் போன்ற திரவங்களும் சப்பும் மாத்திரைகளும் ஏற்கெனவே சுரந்திருக்கும் அமிலத்தை முறிப்பவை. சில நிமிடங்களில் பலன் தெரியும். விரைவில் தீர்ந்தும் போகும். அவற்றில் உள்ள மெக்னீசியம் பேதியாக்கும், அலுமினியம் மலச்சிக்கல் தரும். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு அது ஒரு காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆகியவற்றின் உறிஞ்சலையும் இவை தடுக்கும். சில மணி நேர இடைவெளி வேண்டும்.

ஃபாமோடிடின் போன்றவை ஹிஸ்டமின் செய்தியைப் பரைட்டல் செல் வாங்கவிடாமல் தடுக்கின்றன. இந்த வகையின் முன்னோடியான சிமெடிடினை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அது வருவதற்கு முன்பு அல்சருக்கு வயிற்றைக் கிழித்து அறுவை செய்வது சாதாரணமாக இருந்தது. ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்த ரானிடிடினில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு சேர்வதாகத் தெரிந்ததால் 2020-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கப்பட்டது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு அதையே கேட்பவர்கள் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ரேபிபிரசோல் ஆகியவை பம்பையே பிடித்து நிறுத்துகின்றன. செய்தி எந்த வழியாக வந்தாலும் அமிலம் வெளியேறும் கதவு ஒன்றுதான் என்பதால் இவை மிக வலுவானவை. புண் ஆறவும், உணவுக்குழாய் அழற்சி தீரவும் இவற்றையே நம்புகிறோம்.

பான்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

முன்பு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு. இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இந்த மருந்தால் பிடிக்க முடியும். பம்புகள் இயங்கத் தொடங்குவதோ உணவு வரும்போது. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். விருந்து சாப்பிட்டு எரிச்சல் வந்த பிறகு போட்டுக்கொள்வதால் அப்போதைக்குப் பெரிய பலன் இல்லை. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மேலிருக்கும் பூச்சு, மருந்தை இரைப்பை அமிலத்திலிருந்து காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டது.

வருடக்கணக்கில் சாப்பிட்டால் கெடுதலா?

தேவை உள்ளவர்களுக்கு நன்மையே அதிகம். தேவையின்றிச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கணக்கு தவறுகிறது. நீண்ட காலப் பயன்பாட்டில் பி12, மெக்னீசியம் குறையலாம். குடல் தொற்றும் எலும்பு முறிவும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் பி12-ஐக் குறைக்கக்கூடியது என்பதால், கால் மரத்துப்போனால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல் சாப்பிடும் இதய நோயாளிகள் ஒமிபிரசோலைத் தவிர்க்க வேண்டும்.

நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கூடுகிறதே?

பல வாரங்கள் பம்பை அடக்கிவைத்திருக்கும்போது உடல் காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே போகிறது. மருந்தை நிறுத்தியதும் அந்தக் கூடுதல் தூண்டலால் அமிலம் சில வாரங்களுக்குப் பொங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. மருத்துவர் ஆலோசனையோடு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, இடையில் எரிந்தால் ஜெலுசில் போன்ற திரவத்தைக் குடித்துச் சமாளிக்கலாம்.

பால், ஆப்பசோடா, கிராம்பு உதவுமா?

குளிர்ந்த பால் சற்று நேரம் இதம் தரும்; பிறகு அதன் புரதமும் கால்சியமும் அமிலத்தை மேலும் தூண்டுகின்றன. ஆப்பசோடா அமிலத்தை உடனே முறிக்கும், ஆனால் அதில் சோடியம் மிக அதிகம். ரத்த அழுத்தம், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். நுரைத்துப் பொங்கும் பொடிகளும் அப்படியே. மாறாமலைக் கிராம்பு நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வதில் கெடுதல் இல்லை. அதிலுள்ள யூஜெனால் என்ற பொருள் மரத்துப்போகச் செய்யும்; ஆனால் புண்ணை ஆற்றும் என்று நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். நாட்டு வைத்தியரான ஆசானிடம் கசாயம் வாங்கிக் குடிக்கிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. தெரிந்தால்தான் மருந்துகள் மோதாமல் பார்க்க முடியும்.

எந்த அறிகுறி வந்தால் கடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், ரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, திடீரென்று வயிறு கல்லாக இறுகும் வலி ஆகியவற்றுக்கு அன்றே, அந்த மணியே போக வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, விடாத வாந்தி, நடு வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொந்தரவு ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பி தேவைப்படும். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டும் எரிச்சல் தீராவிட்டால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் போதும். அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்த்துச் சொல்வார்கள்.

எண்டோஸ்கோப்பி என்றாலே பயமாக இருக்கிறது. வலிக்குமா?

வலியைவிடக் குமட்டல்தான் இருக்கும். முந்தைய இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்த பிறகு, விரலைவிட மெல்லிய குழாய் உள்ளே போகிறது. பார்த்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்; தேவைப்பட்டால் சிறு துணுக்குத் திசுவும் எடுப்பார்கள், அது வலிக்காது. மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருங்கள், எச்சிலை விழுங்காமல் வழியவிடுங்கள். தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், புரையேறும். மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், முன்பதிவு செய்யும் நாளிலேயே காட்டிவிடுங்கள்.